பச்சைத் தண்ணி

படிவத்தில் காரணம் எழுதக் கட்டம் இல்லை.
இரண்டு இரவு யோசித்து ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்,
துப்பாக்கி, மனச்சாட்சி என்றெல்லாம் வரும்
நீளமான ஜெர்மன் வாக்கியம்.
பெயர், பிறந்த நாள், லுசேர்ன் முகவரி,
கீழே ஒரு பொத்தான்.
பட்டாளத்திலிருந்து தப்புவது அவ்வளவுதான்.
வாக்கியம் மிஞ்சிப்போய் என்னிடமே கிடந்தது.

அம்மா சொந்தக்காரருக்கெல்லாம் போன் போட்டாள்:
கஜீபனுக்கு அரசாங்க வேலை, மலையில்.
அப்பா ஒன்றும் சொல்லவில்லை.
சப்பாத்துக் கடையில் மட்டும்
நீர் புகாத சோடி எதுவென்று தானே கேட்டார்,
தன் உடைந்த ஜெர்மனில்.
குனிந்து என் நாடாவை இறுக்கிப் பார்த்தார்.

என்ட்லெபூக்கில் பஸ் விட்ட இடத்திலிருந்து
ஒன்றரை மணி நேர ஏற்றம்.
ரெகுலாவுக்கு முப்பது வயதிருக்கும். பேச்சுக் குறைவு.
மின்வேலி, களை, கல், என்றாள்.
முதல் வாரம் கையில் கொப்புளம்.
இரண்டாம் வாரம் கொப்புளத்தின் மேல் கொப்புளம்.
மாலையில் கிடேரிகளை எண்ணவேண்டும், இருபத்திரண்டு.
ஜெர்மனில் எண்ணினால் ஏனோ ஒன்று தவறியது,
தமிழில் எண்ணினால் சரியாக வந்தது.

ஜூலைக் கடைசியில் மூன்று நாள் மூடுபனி.
இருபத்தொன்று.
திரும்ப எண்ணினேன். இருபத்தொன்று.

அம்ஸல்.
கருங்குருவி என்று பொருள், ஆள் மண்ணிறம்.
சுண்ணாம்புப் பாறையில் மழை தின்ற வெடிப்பொன்றில்
முன்னங்கால் முழுதாய் இறங்கியிருந்தது.
எலும்பு வெளியே, சோப்பைப் போல வெள்ளை.
அவள் கத்தவில்லை.
கழுத்தை நீட்டி எட்டாத புல்லை
எட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பனியில் வைத்தியர் வர வழியில்லை.
ரெகுலாவின் தம்பி உர்ஸ் வந்தான், என் வயது,
வசந்தத்தில்தான் பட்டாளப் பயிற்சி முடித்து
முடி வளரத் தொடங்கியவன்.
துணிப்பையிலிருந்து எடுத்தான் அதை.
சைக்கிள் பம்ப் மாதிரி இருந்தது.
கண்ணிலிருந்து எதிர்க் கொம்புக்கு ஒரு கோடு,
மற்றக் கண்ணிலிருந்து இன்னொன்று,
வெட்டும் இடத்தில், என்று விரலால் வரைந்தான்.
வரைந்த விரல் நடுங்கியது.
கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்தவன் அவன்.
மூக்கைத் துடைத்தான். திரும்பவும் வரைந்தான்.
அம்ஸல் அவன் சட்டைக் கையை நக்கினாள்.

கொடு, என்றேன்.

எங்கிருந்து வந்தது அந்தச் சொல்?
தைரியம் இல்லை அது.
இரக்கம்கூட, அந்த நேரத்தில், இல்லை.
எச்சில் கோப்பைகள் குவிந்துகிடக்க
யாரோ ஒருவர் எழுந்துபோவோமே, அப்படி.
குளிர்ந்த இரும்பை நெற்றியில் வைத்தேன்.
நேராக வைத்தேன்.
கை நடுங்கவில்லை.
அதைத்தான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.
கை நடுங்கவே இல்லை.

மிச்சத்தை ரெகுலா கத்தியால் முடித்தாள், நான் பிடித்துக்கொண்டேன்.
மறுநாள் ஹெலிகாப்டர் வந்து
நாலு காலும் தொங்க அவளைத் தூக்கிப்போகும்,
இருபத்தொரு தலைகள் நிமிர்ந்துவிட்டுத் திரும்ப மேயும்.
அது மறுநாள்.

சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியடியில் மட்டும்.
அப்பா எடுத்தார். பின்னால் உணவகத்து அடுக்களை,
தட்டுகளின் சத்தம், பிறகு கதவு சாத்தும் சத்தம்.
"மாடு ஒண்டு செத்துப்போச்சு அப்பா."
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
வீட்டில் கோழி வெட்டினால்
எழுந்து பால்கனிக்குப் போய்விடுகிற மனிதர்.
வாடை ஒத்துக்கொள்ளாது என்றுதான்
அம்மாவும் நானும் நம்பியிருந்தோம்.
சொன்னார், உருளைக்கிழங்கு விலை சொல்லும் குரலில்:
"சட்டையப் பச்சைத் தண்ணியில ஊறப் போடு.
சுடுதண்ணி ஊத்திப்போடாதை.
கறை பிடிச்சிடும்."

சட்டையைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

கழற்றித் தொட்டியில் அமிழ்த்தினேன்.
தண்ணீர் சிவந்தது, வெளிறியது, விளிம்பில் வழிந்தது,
குழாயில் மலை வந்துகொண்டே இருந்தது.
மிஞ்சிய அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன்.
கடைசியில் வரவேண்டிய வினைச்சொல்
மறந்துபோயிருந்தது.
இரண்டு கிடேரிகள் வந்து
என் முழங்கையருகே வாய் வைத்துக் குடித்தன.
தொட்டி விளிம்பில் போன் எரிந்துகொண்டிருந்தது.
அப்பா இன்னும் வைக்கவில்லை.